வாய்க்கால்மேட்டைக் கட்டியவள்

ஸ்வர்ணா சென்னையில் வேலை பார்த்த நாட்களில் பாதி நேரம் நடுரோட்டில்தான் நின்றாள். சாலைப் போக்குவரத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் இன்ஜினியர். ஒரு சந்திப்பில் எந்தப் பக்கமிருந்து வண்டிகள் வருகின்றன, எவை எங்கே திரும்புகின்றன, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எந்த இடத்தில் அடைத்துக்கொள்கிறது என்று வெயிலில் நின்று பார்ப்பாள். பிறகு ஆபீசுக்கு வந்து, அந்தச் சந்திப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று வரைவாள். வரைந்ததில் பெரும்பாலானவை பீரோவுக்குள் போயின. பல்லாவரம் பக்கத்தில் ஒன்று மட்டும் உண்மையிலேயே சாலையானது. கல்யாணமான புதிதில் கோகுலை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவன் பைக்கை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்றான்.

கோகுலுக்கு ஜெர்மனியில், வால்டோர்ஃபில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது அவள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பக்கத்து ஊரான வீஸ்லோக்கில் வீடு. அவளும் வேலை செய்யலாம் என்று விசாவிலேயே எழுதியிருந்தது. சட்டம் தடுக்கவில்லை, மொழி தடுத்தது. ஜெர்மன் வகுப்பில் பி1 என்னும் நடுநிலை வரைக்கும் முடித்தாள். அதற்குள் மீரா வயிற்றில் வந்தாள். பிள்ளைக்குக் கிண்டர்கார்ட்டனில் இடம் கிடைத்து, அவள் மறுபடி தலை நிமிர்ந்தபோது படித்த ஜெர்மனில் பாதி போய்விட்டிருந்தது. இருந்தாலும் விண்ணப்பங்கள் போட்டாள். எல்லா அலுவலகங்களும் ஒரே மாதிரிதான் பதில் எழுதின. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். ஒரு கட்டத்தில் வாழ்த்து போதும் என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. கோகுல் பார்த்துப் பார்த்துப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அதில் அவன் வாங்கிப் போட்ட கேம்கள் நிறைய. தள்ளுபடியில் வருவதை எல்லாம் வாங்குவான், இரண்டு நாள் ஆடுவான், விட்டுவிடுவான். அப்படி வாங்கியதில் ஒன்று, ஊர் கட்டும் கேம். வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள். ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடம் ஒதுக்கினால் ஜனங்கள் குடிவருவார்கள். கோகுல் கட்டிய ஊரில் குப்பை அள்ள வண்டி போக வழியில்லாமல் ஜனங்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அவனும் அதை அப்படியே விட்டுவிட்டான்.

மீரா முதல் வகுப்பு சேர்ந்த வருடம், ஒரு காலையில் ஸ்வர்ணா அந்தக் கேமைத் திறந்தாள். கோகுலின் ஊரை ஓடவிட்டுப் பார்த்தபோது, அவள் கண் முதலில் போனது அடைத்துக்கொண்டு நின்ற சந்திப்புக்கு. கை துறுதுறுத்தது. ஆனால் என்னுடைய சேவில், அதாவது நான் பதிந்து வைத்திருக்கும் ஊரில், கை வைக்காதே என்று கோகுல் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அதனால் புதிதாக ஒரு நிலத்தை எடுத்து, தனக்கென்று ஒரு சேவ் தொடங்கினாள். நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது, அதன் கரை மேடாக இருந்தது. ஊருக்கு வாய்க்கால்மேடு என்று பெயர் வைத்தாள்.

அன்று மாலை கோகுலிடம் சொன்னபோது அவன் சந்தோஷப்பட்டான். நல்லதுதான், போரடிக்காது என்றான். தனக்கென்று ஒரு அக்கவுண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். குடும்பமாகச் சேர்ந்துகொள்ளும் வசதி அதில் இருப்பதை அவள் படித்திருந்தாள். ஒருவர் வாங்கிய கேமை வீட்டில் உள்ள மற்றவர்கள் அவரவர் பெயரில் ஆடலாம்.

"ஒரே வீடு. இதுக்கு எதுக்கு ரெண்டு அக்கவுண்ட்?" என்றான் கோகுல். "என்னோடதுலயே ஆடு. சேவ் மட்டும் தனியா வெச்சுக்க."

அதில் அவளுக்குத் தவறாக எதுவும் படவில்லை. பிறகு மீராவும் கேட்டாள். அவளுக்கும் அதே அக்கவுண்டில் ஒரு சேவ். சனிக்கிழமைதோறும் கொஞ்ச நேரம். மீராவின் ஊரில் ஒரு ரோடும் பத்துப் பதினைந்து மிருகக்காட்சிசாலைகளும் இருந்தன. வீடே கிடையாது. மிருகங்களைப் பார்க்க யார் வருவார்கள் என்று ஸ்வர்ணா கேட்டதற்கு, யாரும் வர வேண்டாம், மிருகங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்றாள் மீரா.

வாய்க்கால்மேடு மெதுவாகத்தான் வளர்ந்தது. அந்தக் கேமை ஆடும் மற்றவர்கள் கோபுரம் கோபுரமாகக் கட்டுவார்கள். ஸ்வர்ணா ஒரு தெருவைப் போட்டுவிட்டு அதில் வண்டிகள் ஓடுவதை வெகுநேரம் பார்ப்பாள். எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று புரிந்த பிறகுதான் அடுத்த தெரு. பள்ளிக்கூட வாசலுக்குக் கார் வர முடியாது. நடந்து வர மட்டும் பாதை. அந்தப் பள்ளிக்கூடத்தின் இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் மீரா. வாய்க்காலை ஒட்டி ட்ராம், அதன் ஓரமாகச் சந்தை. ஆஸ்பத்திரிச் சந்திப்புதான் அவளை ரொம்பப் படுத்தியது. அந்த ஊரில் வண்டிகள் ஜெர்மனியைப் போலச் சாலையின் வலது பக்கமாக ஓடின. இடது பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார்கள் ட்ராம் தண்டவாளத்தில் நின்றுகொண்டு ஊரையே நிறுத்தின. கடைசியில் இடது பக்கம் திரும்புவதையே தடை செய்தாள். கார்கள் நேராகப் பாலத்தைத் தாண்டிப் போய், மூன்று முறை வலது பக்கம் திரும்பி, போக வேண்டிய தெருவுக்கே வந்து சேர்ந்தன. ட்ராம் நிற்காமல் ஓடியது. அதைப் பார்த்த அன்று அவள் சமைக்க மறந்துபோனாள். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு அறையைத் தன் தலைக்குள் யாரோ திறந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

கோகுல் காபிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்று பார்ப்பான். இன்னும் அந்தப் பாலத்திலேயே இருக்கிறாயா என்று சிரிப்பான். அவள் விளக்க ஆரம்பித்தால், பாதியில் போன் வந்துவிடும்.

கோகுலைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வேலையில் கை கொடுப்பான். மீராவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். ஆனால் ஆபீசில் அவனுக்கு ஒரு குறை இருந்தது. வருடங்கள் போயும் அவன் டீமில் அவனை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மீட்டிங்கில் அவன் சொன்னதையே அடுத்தவர் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னால் தலையாட்டுவார்கள். அந்த டீமில் மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் தன் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவார். ஒருவர் தேனீ வளர்ப்பார், இன்னொருவர் மலை ஏறுவார். கோகுலின் முறை வந்தபோது அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவன் வாய்க்கால்மேட்டைக் காட்டினான்.

இதெல்லாம் ஸ்வர்ணாவுக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஈஸ்டர் அன்று.

கோகுலின் டீமிலேயே கிறிஸ்தோப்பர் என்று ஒருவர் இருந்தார். நாகர்கோவில்காரர், கோகுலுக்கு நெருங்கிய நண்பர். ஈஸ்டருக்கு அவரும் அவர் மனைவி பிருந்தாவும் தெரிந்த குடும்பங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போடுவது வழக்கம். சாப்பாடு முடிந்து எல்லோரும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது கிறிஸ்தோப்பர் டிவியில் எதையோ போட்டார். நம்ம கோகுலோட கைவேலையை இன்னும் பார்க்காதவங்க பாருங்க என்றார்.

திரையில் வாய்க்கால் ஓடியது. ட்ராம் போனது. சந்தை, பள்ளிக்கூடம், நடைபாதை எல்லாம் வந்தன. மேலே ஊரின் பெயர் கோகுல்ஸ்பெர்க் என்று இருந்தது. அந்தக் கேமில் ஒருவர் தன் சேவைப் பொதுவில் ஏற்றிவிடலாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு அந்த ஊருக்குள் சுற்றிப் பார்க்கலாம். கோகுல் ஏற்றியிருந்தான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் இறக்கிப் பார்த்துப் பாராட்டி எழுதியிருந்தார்கள். கிறிஸ்தோப்பர் ஆஸ்பத்திரிச் சந்திப்பில் நிறுத்தி, மூன்று வலது திருப்பங்களையும் விரலால் காட்டினார். இது எப்படிடா உனக்குத் தோணுச்சு என்று கேட்டார். போட்டுப் போட்டுப் பார்த்ததுதான் என்றான் கோகுல். அவன் ஸ்வர்ணா இருந்த பக்கம் திரும்பவில்லை.

தரையில் உட்கார்ந்திருந்த மீரா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

"இது அம்மாவோட ஊரு. இந்த ஸ்கூல் நான் வெச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். கோகுலும் சிரித்தான். அம்மாவும் அப்பப்ப உட்காருவாள் என்றான். கிறிஸ்தோப்பர் நல்ல மனிதர், உடனே ஸ்வர்ணா பக்கம் திரும்பினார்.

"அப்படியா ஸ்வர்ணா? நீங்களும் ஆடுவீங்களா?"

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கோகுலும் இப்போதுதான் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவள் அதைக் கண்டாள். நாலு பேர் நடுவில் புருஷனைத் தலைகுனிய வைக்க அவளால் முடியவில்லை.

"சும்மா, எப்பவாவது," என்றாள்.

"இல்ல, அம்மாதான் கட்டினாங்க. தினமும் கட்டினாங்க," என்றாள் மீரா. குரல் உயர்ந்திருந்தது.

"மீரா, பொய் சொல்லக் கூடாது," என்றான் கோகுல்.

மீரா அம்மாவைப் பார்த்தாள். ஸ்வர்ணா தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவள் தட்டுகளோடு சமையலறைக்குள் போகும் வரை அந்தப் பார்வை முதுகில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீரா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்வர்ணா கோகுலிடம் கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். அவன் நிறைய சொன்னான். அக்கவுண்ட் அவன் பெயரில் இருக்கிறது, ஏற்றினால் அவன் பெயர்தான் வரும், அவனா வர வைத்தான். முதல் நாளே சொல்லியிருப்பான், ஆனால் எல்லோரும் கைதட்டிய பிறகு எப்படிச் சொல்வது. ஊர் பெயரை யாராலும் உச்சரிக்க முடியவில்லை, அதனால்தான் மாற்றினான். கடைசியில், ஒரு கேமுக்குப் போய் இத்தனை பேச்சா என்றான்.

"மீரா பொய் சொல்லலங்க," என்றாள் ஸ்வர்ணா.

"நான் மட்டுமா சொன்னேன்? சும்மா எப்பவாவதுன்னு நீதானே சொன்ன?"

கோகுல் சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒன்றுதான் உண்மையாக இருந்தது, அதுதான் அவளைக் குத்தியது.

ஊரை ஏற்றியிருந்த பொதுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள். இந்த ஊரைக் கட்டியது என் மனைவி என்று. அவன் சரி என்றான். அடுத்த வாரம் ஞாபகப்படுத்தினாள். எழுதறேன்னுதானே சொன்னேன் என்றான். அதற்கப்புறமும் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் காலையில், பல நாள் கழித்து வாய்க்கால்மேட்டைத் திறந்தால் சந்தையைக் காணோம். அங்கே ஒரு ஸ்டேடியம் நின்றது. பெரிதாக ஏதாவது கட்டுங்கள் என்று பொதுப் பக்கத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள், கோகுல் அவளுடைய சேவைத் திறந்து கட்டியிருக்கிறான். முதல்முறை அல்ல போலிருக்கிறது. வாய்க்காலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கோபுரங்கள். அவன் ஆடி முடித்ததும் கேம் தானாகப் பழையதன் மேலேயே பதிந்துகொண்டது. ட்ராம்கள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் ஒன்று ஸ்டேடியத்துக்குப் போகிற கார்களுக்குப் பின்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

அவள் சேவ்கள் இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தாள். ஈஸ்டருக்கு முன்னால் பதிந்த பழைய ஃபைல் ஒன்று நல்லவேளையாகக் கிடந்தது. அதை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். தனக்கென்று ஒரு அக்கவுண்ட் தொடங்கினாள். குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கோகுலைக் கேட்டபோது, வேலை முடிந்ததும் செய்கிறேன் என்றான். அவன் வேலை முடியவே இல்லை. அவளே அந்தக் கேமை மறுபடி ஒருமுறை வாங்கினாள். ஊரைத் திறந்தால் அங்கங்கே ஓட்டை. அவள் போட்டிருந்த பாலங்களும் ட்ராம்களும் தனியாக வாங்க வேண்டிய பாகங்கள், அவை கோகுலின் அக்கவுண்டோடு நின்றுவிட்டன. பாலமில்லாத வாய்க்காலின் இரண்டு கரைகளிலும் ரோடுகள் வந்து வெறுமனே முடிந்தன. கோடைக்காலம் முழுவதும் அவள் இருப்பதை வைத்து அதைச் சரிசெய்தாள். ட்ராம் ஓடிய இடத்தில் பஸ் விட்டாள். தண்ணீரைத் தாண்ட, கேமில் எல்லோருக்கும் கிடைக்கும் சாதாரண சிமெண்ட் பாலம். முன்பிருந்த சந்தோஷம் இல்லை. ஆனாலும் வேலை சுத்தமாக இருந்தது.

பள்ளி விடுமுறை முடியும் முன் அதைப் பொதுப் பக்கத்தில் ஏற்றினாள். வாய்க்கால்மேடு என்று பெயர். கட்டியவர் பெயர், எஸ். மாணிக்கம். பாஸ்போர்ட்டில் அவளுக்கு இருக்கும் பெயர் அதுதான். ஆஸ்பத்திரிச் சந்திப்பு ஏன் அப்படி இருக்கிறது, பள்ளி வாசலில் ஏன் கார் வராது என்று ஆங்கிலத்தில் விளக்கமும் எழுதினாள். அவ்வளவு கவனமாக அவள் எதையும் எழுதி வருடங்கள் ஆகியிருந்தன.

முதல் கருத்து அன்றே வந்தது. இது கோகுல்ஸ்பெர்க், திருட்டு. அடுத்தடுத்து வந்தவர்களும் அதையேதான் எழுதினார்கள். பாலத்தைக்கூட ஒழுங்காகத் திருடத் தெரியவில்லை என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். நான்தான் அசலைக் கட்டியவள் என்று அவள் பதில் போட்டாள். எல்லாத் திருடர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று அதற்கும் ஒரு பதில் வந்தது. சில நாட்களில் அந்தப் பக்கமே நீக்கப்பட்டது. வேறொருவரின் படைப்பை நகலெடுத்ததாகப் புகார் வந்திருக்கிறது என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

கோகுலிடம் அவள் இதைப் பற்றிப் பேசவில்லை. மாணிக்கம் யார் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவனாக வாய் திறப்பான் என்று காத்திருந்தாள். அவன் சாப்பிட்டான், மீராவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான், தூங்கப் போனான்.

அக்டோபரில், ஜெர்மன் வகுப்பில் மறுபடி சேர்வதற்காக ஹைடெல்பெர்க் போகக் கிளம்பியவள் ரயில் நிலையத்தில் கிறிஸ்தோப்பரைப் பார்த்தாள். அவரும் அதே எஸ்-பான் ரயிலுக்குத்தான் காத்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு சொன்னார்.

"கோகுலோட ஊர ஒருத்தன் அப்படியே ஆட்டையப் போட்டுட்டான், சொன்னானா? மாணிக்கம்னு யாரோ. நான்தான் பார்த்துட்டு ரிப்போர்ட் பண்ணேன்."

"அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

"யாரோ பண்ணிட்டுப் போறான், விடுடான்னுட்டான். அவனுக்குப் பெரிய மனசு."

அவள் தோளில் தொங்கிய பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"மாணிக்கம் எங்கப்பா பேரு, கிறிஸ்தோப்பர்," என்றாள். "எஸ் நான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் முகம் மாறுவதைப் பார்க்க அவளுக்கே சங்கடமாக இருந்தது. கேட்காமலே அவள் சொன்னாள். இடது பக்கம் திரும்பும் கார்கள் ஏன் தண்டவாளத்தில் நின்றன, சிக்னலை மாற்றிப் பார்த்தும் ஏன் சரியாகவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் தெருவை ஏன் கொஞ்சம் அகலமாக விட்டிருந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்-பான் வந்து நின்று கிளம்பிப் போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அன்னைக்கு நீங்க ஏன் சொல்லல?" என்றார் கிறிஸ்தோப்பர். "குழந்தை சொன்னாளே."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஆமாம், குழந்தை சொன்னாள்.

அவர் தன் பங்குக்குச் செய்தது, தான் கொடுத்திருந்த புகாரைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அந்தப் பக்கமே போய்விட்டதால் அதில் அர்த்தம் எதுவும் இல்லை. கோகுலிடம் தனியாக ஏதோ பேசினார் போலிருக்கிறது. ஆபீசில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்த வார இறுதியில் பிருந்தா போன் செய்தாள். சுற்றிச் சுற்றி எதையெதையோ பேசிவிட்டு, வீட்டுக்குள்ளே பேசித் தீர்க்க வேண்டியதை ரயில் ஸ்டேஷனில் வைத்துப் பேசலாமா ஸ்வர்ணா, அவர் ரெண்டு நாளா சாப்பிடவே இல்லை என்றாள். யார் சாப்பிடவில்லை, கிறிஸ்தோப்பரா கோகுலா என்று ஸ்வர்ணா கேட்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அழைப்பு வரவில்லை.

கோகுல் அவளைப் பார்த்துக் கத்தியது, அந்த ரயில் நிலையப் பேச்சு நடந்த வாரம்தான். கல்யாணமான பிறகு அவன் அப்படிக் கத்தியதே இல்லை.

"ஆபீஸ்ல நான் தலை நிமிர்ந்து நடந்தது இந்த ஒரு விஷயத்துலதான். அதையும் போய் உடைச்சுட்டு வந்துட்ட."

"அது என்னோட விஷயம்," என்றாள் அவள்.

"என் கம்ப்யூட்டர். என் அக்கவுண்ட். நான் வாங்கின கேம். அதுல உன்னோடதுன்னு என்ன இருக்கு?"

மறுநாள் அவன் கம்ப்யூட்டருக்கும் அக்கவுண்டுக்கும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். ஸ்வர்ணாவின் பென் டிரைவில் அவள் ஊர் இருந்தது. மீராவுடையதை எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை மீரா வந்து உட்கார்ந்தபோது திரை கடவுச்சொல் கேட்டது. கோகுலுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய், அப்பா திறந்துவிடுகிறேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போது ஆடிக்கோ என்றான். மீரா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிப் போனாள். பிறகு அந்த மிருகக்காட்சிசாலைகளைப் பற்றி அவள் பேசவே இல்லை.

கோகுல்ஸ்பெர்க் அதற்குப் பிறகு வளரவில்லை. கோகுல் கொஞ்ச நாள் முயன்றான். ஒரு முறை, ஏதோ மன்னித்துவிட்டவன் போல, இந்த ட்ராம் ஏன் நிக்குது, கொஞ்சம் வந்து பாரேன் என்று கூப்பிட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியலைங்க என்றாள். தெரியாமல் இல்லை. அவன் அதன் பிறகு கேமை மூடிவிட்டான். ஆனால் பக்கம் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் யாராவது இறக்கிக்கொண்டு, கோகுலைப் பாராட்டி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஸ்வர்ணா பி2 பரீட்சை எழுதித் தேறினாள். ஹைடெல்பெர்க்கில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் அரைநாள் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில், வேலையில்லாமல் இருந்த வருடங்களுக்கு எதிரே அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதலாமா என்று யோசித்தாள். யாராவது தேடிப் பார்த்தால் கோகுலின் பெயர்தான் வரும். குடும்பம் என்று ஒரு வார்த்தை எழுதினாள். இப்போது சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு வண்டி நிறுத்தும் இடம் வரைகிறாள். மற்றவர்கள் போட்ட திட்டத்துக்குக் கோடு போடும் வேலை. வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், யார் பால் வாங்குவது, யார் மீராவை நீச்சலுக்குக் கூட்டிப் போவது என்று. சண்டை இல்லை.

போன ஜூலையில் மீராவின் பள்ளியில் கோடை விழா. பெற்றோர்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள். கோகுலுக்கு ஆபீசில் ஏதோ டெர்மின், தவிர்க்க முடியாத மீட்டிங், ஸ்வர்ணா மட்டும் போனாள். வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைப் பற்றி வரைந்ததை ஒட்டியிருந்தார்கள். மீரா வரைந்ததை ஸ்வர்ணா தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். நீல நிறத்தில் வாய்க்கால், அதன் கரையில் சிவப்பு ட்ராம், ஒரு பள்ளிக்கூடம், பக்கத்தில் சந்தை. ஒரு கோபுரமும் இல்லை. கீழே அழகான கையெழுத்தில், என் அப்பா கட்டிய நகரம் என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

வகுப்பாசிரியை வந்து பக்கத்தில் நின்றார். மிக அழகாக இருக்கிறது என்றார். ஸ்வர்ணா இந்த முறை வாயைத் திறந்தாள். இந்த நகரத்தைக் கட்டியது நான் என்றாள். பரீட்சை பாஸ் செய்த ஜெர்மன்தான், ஆனாலும் நாக்கு தடுக்கியது. அதனால் இன்னொரு முறை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. ஆசிரியை முகம் மலர்ந்தது. அப்படியா, வீட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறீர்களா, எவ்வளவு நல்ல விஷயம் என்றார். இல்லை என்று ஸ்வர்ணா மறுபடி தொடங்கினாள்.

மீரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

திரும்பி நடந்து வரும்போது ஸ்வர்ணா கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். ஏன் கண்ணு அப்படி எழுதின? நான் கட்டினத நீ பாத்தேல்ல?

"அப்பான்னு எழுதினா யாரும் பொய்னு சொல்ல மாட்டாங்க," என்றாள் மீரா.

அதற்குள் பள்ளித் தோழி ஒருத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். மீரா ஜெர்மனில் ஏதோ கத்திப் பதில் சொன்னாள். ரோட்டைக் கடக்க இருவரும் சிக்னலில் நின்றார்கள். ஸ்வர்ணா எதையோ சொல்ல வந்தாள். பச்சை விழுந்துவிட்டது. மீரா அவள் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள்.